ரோமப் பொதி போன வழி

பழைய கட்டடங்களைச் செப்பனிட்டுக் காக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு பழைய ஆட்டுப் பண்ணையை ஒப்படைத்தால், எங்கள் கால் முதலில் பண்ணை வீட்டுக்குத்தான் போகும். சுற்றிலும் வராந்தா, கனத்த சுவர், உயர்ந்த கூரை, முன்னால் காய்ந்துபோன ஒரு தோட்டம். அளந்து வரையவும் படம் எடுக்கவும் வசதியான பொருள் அது. கொட்டகைகளும் பட்டிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் வெறும் பட்டியலாகப் போய்ச் சேரும். பணம் வந்தால் வீட்டுக் கூரைக்கு முதல் செலவு. மிச்சம் இருந்தால்தான் மற்றவற்றுக்கு. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். ஒதுக்குப்புறமான கடற்கரையில் இருந்த ஓர் ஆட்டுப் பண்ணையின் மரபு அதன் வீட்டில் இருப்பதைவிட, தண்ணீரிலிருந்து பட்டிக்கும், பட்டியிலிருந்து கத்தரிப்புக் கொட்டகைக்கும், கொட்டகையிலிருந்து கடலுக்கும் ரோமம் போன வழியில்தான் அதிகம் இருக்கிறது. அந்த வழி நின்றால் வீட்டுக்கும் பொருள் இருக்கும். வீடு மட்டும் நின்றால், அங்கே ஒரு குடும்பம் ஓரளவு வசதியாக வாழ்ந்தது என்பது தவிர வேறெதையும் அது சொல்லாது.

இதற்கு ஆதாரமாக நான் எடுத்துக்கொள்வது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடா. பெர்த் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். வெயிலில் ஆவியாகும் நீரோ அதைப்போல் பல மடங்கு. இந்தக் கரையில் 1860களிலிருந்து ஆடு மேய்ந்தது. இன்று மூன்று பெரிய பண்ணைகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, 1616 அக்டோபரில் டச்சு மாலுமி டிர்க் ஹார்டாக் வந்திறங்கித் தகரத்தட்டு ஒன்றை நட்டுவைத்துப் போன தீவு. அவர் பெயரையே கொண்ட அந்தத் தீவு நூறாண்டுக்கு மேல் ஆட்டுப் பண்ணையாக இருந்து 2009இல் தேசியப் பூங்கா ஆனது. இரண்டு, பெரோன் தீபகற்பத்தில் இருந்த பண்ணை. மாநில அரசு அதை 1990இல் வாங்கி, 1993இல் பூங்காவாக அறிவித்தது. மூன்று, விரிகுடாவின் தெற்குக் கோடியில் இரண்டு லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள ஹாமலின் பண்ணை. இயற்கைக் காப்பு அமைப்பான புஷ் ஹெரிடேஜ் ஆஸ்திரேலியா 2015இல் அதை வாங்கியது. மூன்றிலும் இன்று ரோமத் தொழில் இல்லை. மூன்றிலும் கட்டடங்கள் நிற்கின்றன. விரிகுடா முழுவதும் 1991 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தத் தகுதி கிடைத்தது கடற்புல்லுக்கும் கடற்பசுவுக்கும் பாறைபோல் வளரும் நுண்ணுயிர்த் திட்டுகளுக்கும். ஆட்டுப் பண்ணைக்காக அங்கே யாரும் பட்டயம் கொடுக்கவில்லை. அதனால்தான் பண்ணைகளில் எது நிற்க வேண்டும், எது போகலாம் என்று முடிவு செய்கிறவர்களுக்குத் தெளிவான ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது.

வழியின் தொடக்கம் தண்ணீர். இந்த மாதிரி வறண்ட நிலத்தில் ஆடு எங்கே மேய்கிறது என்பதைப் புல் முடிவு செய்வதில்லை. வெயில் காலத்தில் ஆடு தண்ணீர்த் தொட்டியிலிருந்து சில கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போகாது. ஆகவே காற்றாலையை எங்கே நட்டார்களோ அங்கேதான் பண்ணை உண்மையில் இருந்தது. வேலி அதன் பிறகு வந்தது. பெரோனில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் தானே பொங்கி, ஏறக்குறைய 40 டிகிரி சூட்டில் வெளியே வருகிறது. இப்போது பண்ணை வீட்டுக்கு அருகில் அதை ஒரு தொட்டியில் விட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதில் இறங்கி உட்கார்ந்து களைப்பாறுகிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். அவ்வளவு தூரம் மண் பாதையில் வந்தவர்களுக்கு அது நல்ல வரவேற்புதான். ஆனால் அந்தத் தீபகற்பத்தில் பண்ணை இப்படிப்பட்ட தண்ணீரை நம்பித்தான் நடந்தது என்பது தொட்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டும். கிணறு, குழாய், தொட்டி, அங்கிருந்து பட்டிக்குப் போகும் தடம் ஆகிய நான்கும் ஒரே கண்ணோட்டத்தில் தெரியும்படி இருந்தால், பக்கத்தில் பலகை எழுதி வைக்க வேண்டிய தேவைகூடப் பாதியாகக் குறையும்.

அடுத்தது கொட்டகை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஒரு பண்ணையில் இதைவிட உண்மை பேசும் கட்டடம் வேறு கிடையாது. ஆடுகள் வெளிப்பட்டியிலிருந்து சரிவான பலகை வழியாக ஏறி முந்தின நாள் மாலையே உள்ளே வந்துவிடும். ஈரமான ரோமத்தைக் கத்தரிக்கக் கூடாது. பொதியில் அது சூடேறிக் கெட்டுப்போகும். அதனால் இரவு முழுக்கக் கூரையின் கீழ் நிற்க வைப்பார்கள். கொட்டகைத் தரை நிலத்திலிருந்து இடுப்பளவு உயரம். ரீப்பர் கட்டைகளை விரல் அகல இடைவெளி விட்டு அடித்திருப்பதால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். அங்கிருந்து சின்னச் சின்ன அடைப்புகள், ஊஞ்சல் கதவு, அதைத் தாண்டிக் கத்தரிப்பவர் நிற்கும் மேடை. மேடைக்கு மேலே நீளமான இரும்புத் தண்டு. ஓரத்தில் இருக்கும் எஞ்சின் அதைச் சுழற்ற, ஒவ்வொரு கத்தரிக்கும் அதிலிருந்தே விசை வரும். ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணை முழுவதையும் இயந்திரத்தால் கத்தரித்து முடித்தது முதன்முதலாக 1888இல், டார்லிங் ஆற்றங்கரை டன்லப் பண்ணையில். அதற்குச் சில பத்தாண்டுகளுக்குள் இந்தக் கடற்கரைவரை அந்தத் தண்டு வந்து சேர்ந்துவிட்டது. கத்தரித்த ஆடு சறுக்கு வழியாக வெளியே இறங்கி ஒரு பட்டிக்குள் நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பட்டி. காரணம் எளியது: கூலி எத்தனை ஆடு என்ற கணக்கில்தான். எண்ணிக்கையில் தகராறு வரக் கூடாது என்றால் ஆடு கலக்கக் கூடாது. ஒரு தொழிலின் கூலி முறையை மரத்தில் அடித்து வைத்தது போன்ற கட்டடம் இது.

மேடைக்கு எதிரே ரோமம் விரிக்கும் மேசை; அதுவும் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டது. கம்பளம் போல் விரித்து வீசும்போது துண்டு ரோமம் கீழே உதிர்ந்துவிடும். ஓர அழுக்கைப் பிய்த்துத் தள்ளுகிறவர்கள், தரம் பிரிக்கிறவர், தரத்துக்கு ஒரு தடுப்பு, கடைசியில் அழுத்துப்பொறி. அழுத்தித் தைத்த பொதியின் மேல் அச்சுத் தகட்டை வைத்து மையால் பண்ணைப் பெயர், தரம், வரிசை எண். நூற்றுக்கு மேற்பட்ட கிலோ எடையுள்ள அந்தப் பொதிதான் அந்த இடம் உலகத்துக்கு அனுப்பிய ஒரே கடிதம். கொட்டகைக்குள் கம்பங்களைத் தொட்டுப் பார்த்தால் இடுப்பு உயரம்வரை கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். பல்லாயிரம் ஆடுகள் உரசியதால் ரோமக் கொழுப்பு மரத்துக்குள் இறங்கி அப்படி ஆக்கியிருக்கிறது. அதே மையால் தகரச் சுவரில் கத்தரித்தவர்கள் தம் பெயரையும் ஆண்டையும் அன்றைக்கு எத்தனை ஆடு என்பதையும் எழுதி வைத்திருப்பார்கள். வீட்டில் இருந்தவர்களின் பெயர் குத்தகைப் பத்திரத்தில் இருக்கும். இவர்கள் பெயர் பல இடங்களில் இந்தச் சுவரில் மட்டும்தான் இருக்கிறது. அக்கறையோடு வேலை செய்ய வருகிறவர்கள் முதலில் செய்வது இந்தக் கொழுப்பைத் துடைப்பது, சுவருக்கு வெள்ளை அடிப்பது. அந்த ஒரு வாரச் சுத்தத்தில் போனது திரும்பி வராது.

வீட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வீடு தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. ரோமம் நல்ல விலைக்குப் போன ஆண்டுகளில் ஓர் அறை கூடுகிறது. 1951 வாக்கில் கொரியப் போர் காரணமாக ஒரு பவுண்டு எடை ரோமம் ஒரு பவுண்டு பணத்துக்கு விற்றபோது, நாடு முழுவதும் பண்ணை வீடுகளில் வராந்தாக்கள் அடைபட்டன, புது சமையலறைகள் முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடு என்பதால், இன்று அதைத் தொடுவதற்கே தனி அனுமதியும் தனி ஆளும் வேண்டும். 1991 பிப்ரவரியில் ரோமத்துக்கான தாங்கு விலைத் திட்டம் குலைந்தபோது கையிருப்பில் 47 லட்சம் பொதிகள் கிடந்தன. அதன் பிறகு வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கவும் ஆளில்லை. கொட்டகை அப்படியல்ல. வேலை நடக்கும்வரை அதை யாரும் அழகுக்காக மாற்றுவதில்லை. பழுதானதை அதே அளவில், அதே இடத்தில் மாற்றுவார்கள். நியூ சவுத் வேல்ஸில் மெனிண்டி அருகே உள்ள கிஞ்சேகா இதற்குப் பெரிய சான்று. அந்தப் பண்ணையும் 1967இல் தேசியப் பூங்காவானது. பழைய வீடு இடிந்து அடித்தளம்தான் மிச்சம். ஆனால் 1875இல் ஆற்றங்கரை யூகலிப்டஸ் மரத்தாலும் நெளிதகரத்தாலும் கட்டிய கத்தரிப்புக் கொட்டகை நிற்கிறது. 97 பருவங்களில் 60 லட்சம் ஆடுகள் அதற்குள் போய் வந்தன. அங்கே போகிற யாரும் வீடு இல்லையே என்று குறைபட மாட்டார்கள். பண்ணை என்றால் என்ன என்பது கொட்டகைக்குள் நுழைந்த சில நிமிடங்களில் விளங்கிவிடும்.

கத்தரிப்பவர் தங்கிய குடியிருப்பையும் இதே கணக்கில் வைக்க வேண்டும். ஆண்டில் சில வாரங்களே ஆள் இருந்த கட்டடம். சின்ன அறைகள், பொதுவான சாப்பாட்டுக்கூடம், தனிச் சமையல். அது அப்படிச் சட்டமில்லாமல் வந்துவிடவில்லை. 1890களின் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு, கத்தரிப்பவர்களுக்கு எப்படிப்பட்ட இடம் தர வேண்டும் என்று மாநிலங்கள் சட்டம் போட்டன. நியூ சவுத் வேல்ஸில் 1901, மேற்கு ஆஸ்திரேலியாவில் 1912. அறைகளின் அளவையும் சன்னலையும் தொழிற்சங்கமும் சட்டமும் சேர்ந்து வரைந்தன என்று சொன்னால் தவறில்லை. டிர்க் ஹார்டாக் தீவில் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய அந்தக் குடியிருப்புதான் இன்று விருந்தினர் விடுதியாக இருக்கிறது. தீவு பூங்காவான பிறகும் பண்ணைக் குடும்பத்தின் கையில் அந்த இடம் இருப்பதால் அது உயிரோடு நிற்கிறது. ஒரு கட்டடத்துக்கு ஆள் நடமாட்டத்தைவிட நல்ல மருந்து கிடையாது என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வோம்.

வழி முடியும் இடம் கடல். அங்கேதான் ஷார்க் விரிகுடா வேறெந்தக் கரையும் தராத ஒரு சான்றைத் தருகிறது. ஹாமலின் குளம் என்று சொல்லப்படும் உள்கடலில் தண்ணீர் சாதாரணக் கடலைப்போல் இரு மடங்கு உப்பு. அதில் நுண்ணுயிர்கள் மணலைப் பிடித்துப் பிடித்துக் கட்டும் ஸ்ட்ரோமடோலைட் திட்டுகள் கரையோரம் வளர்கின்றன. அவற்றின் வளர்ச்சி ஆண்டுக்கு அதிகபட்சம் 0.3 மில்லிமீட்டர். சுற்றியிருந்த பண்ணைகளின் ரோமப் பொதிகளை ஒட்டக வண்டிகளில் ஏற்றி, இந்தத் திட்டுகளின் மேலேயே ஓட்டிச் சென்று, ஆழமற்ற தண்ணீரில் காத்திருந்த படகுகளில் மாற்றினார்கள். படகு வெளியே நின்ற கப்பலுக்குக் கொண்டுபோகும். வண்டிச் சக்கரம் நசுக்கிய தடம் இன்னும் அப்படியே தெரிகிறது. அந்தப் பள்ளத்தை இட்டு நிரப்ப அந்த உயிர்களுக்கு இன்னும் பல நூற்றாண்டுகள் வேண்டும். இதைச் சேதம் என்று சொல்வதும் சரி, ஆவணம் என்று சொல்வதும் சரி. பண்ணைத் தொழில் எந்த இடத்தில் முடிந்து எந்த இடத்தில் வணிகம் தொடங்கியது என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதிய பத்திரம் எந்த வீட்டு அலமாரியிலும் இல்லை. ஆனால் அந்தத் தடம் எந்தப் பண்ணை வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்திலும் இடம்பெறாது, ஏனென்றால் வீட்டு வேலியோடு திட்டம் நின்றுவிடும்.

பொருள்களைப் பற்றிச் சில வார்த்தை. இந்தக் கரையில் கட்டடத்துக்கு எதிரி உப்பு. சிறு சிப்பிகள் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பால் ஒட்டி இறுகிய படுகையிலிருந்து அறுத்தெடுத்த கட்டிகளால் டென்ஹாம் ஊரிலும் ஹாமலினிலும் சுவர் எழுப்பினார்கள். மெல்லிய, மூச்சுவிடும் சுவர் அது. ஓதம் ஏறினாலும் காற்றில் காய்ந்துவிடும். அதில் சிமெண்டுச் சாந்து வைத்துப் பூசினால், ஈரம் வெளியேற வேறு வழியில்லாமல் சிப்பிக் கட்டிக்குள்ளேயே உப்பாக உறைந்து, கட்டி பொரிந்து கொட்டும். சிமெண்டு மட்டும் வலைபோல் நிற்கும். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த நம் கடற்கரைக் கொத்தனார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: சாந்து எப்போதும் கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும், போனால் சாந்து போகட்டும். தகரத்திலோ சிக்கல் வேறு மாதிரி. மழை கழுவும் இடத்தைவிட, மழை படாத இறவாணத்தின் அடியிலும் மேல்தகடு கீழ்தகட்டின் மேல் ஏறும் இடத்திலும்தான் உப்பு தங்கி அரிக்கிறது. பழைய துத்தநாகத் தகரத்துக்கு மேலே அலுமினியம் கலந்த புதுத் தகட்டைப் போட்டால், புதுத் தகட்டிலிருந்து வடியும் நீர் கீழே உள்ள பழையதைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். கூரையின் பாதியை மட்டும் மாற்றிய நல்லெண்ணத்தால் மீதிப் பாதியை இழந்த கொட்டகைகள் உண்டு. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், கொட்டகை மலிவான கட்டடம் அல்ல என்பதை நானும் அறிவேன் என்று காட்டத்தான்.

முதல் மறுப்பு அங்கிருந்துதான் வரும்: பணம். வருகிறவர்கள் வீட்டைப் பார்க்கவும் அதில் தங்கவும்தான் காசு கொடுப்பார்கள், கொட்டகையைப் பார்த்து யார் கொடுப்பார் என்பார்கள். இது நியாயமான கேள்வி. ஆனால் பெரோனில் மக்கள் வீட்டைத் தேடி வருவதில்லை. வெந்நீரையும் கடலையும் தேடி வருகிறார்கள், வந்த இடத்தில் கொட்டகையைச் சுற்றி நடக்கிறார்கள். டிர்க் ஹார்டாக்கில் வருமானம் தருவது தொழிலாளர் தங்கிய கட்டடம். ஹாமலினிலும் பயணிகள் தங்குவது பழைய கத்தரிப்பவர் குடியிருப்பில். இந்தக் கரையில் காசு ஈட்டுபவை வேலைக் கட்டடங்களே. அப்படியிருக்க, வீடுதான் சோறு போடும் என்பது வேறு ஊர்ப் பெரிய மாளிகைகளைப் பார்த்து வந்த பழக்கம். அது இங்கே பொருந்தவில்லை. இன்னொன்று, 1979இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா ஊரில் இந்த நாட்டின் பாரம்பரியத் துறையினர் ஏற்ற சாசனம் எங்கள் தொழிலுக்கே அடிப்படை. தேவையான அளவு மட்டும் கைவை, முடிந்தவரை கைவைக்காதே என்பதே அதன் சாரம். கொட்டகைக்கு அந்த விதி இயல்பாகப் பொருந்தும். அதற்குப் புது மெருகு வேண்டாம், ஒழுகாமல் இருந்தால் போதும். தங்கும் விடுதித் தரத்துக்கு வீட்டை உயர்த்துவதோடு ஒப்பிட்டால் கொட்டகையை நிற்க வைப்பது மிகக் குறைந்த செலவு.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை மதிக்கிறேன். ஆடு இந்த நிலத்தைக் கெடுத்தது. கெடுத்த தொழிலுக்கு எதற்கு நினைவகம் என்பது. டிர்க் ஹார்டாக் தீவில் இயல்பாக வாழ்ந்த பத்துப் பாலூட்டி இனங்கள் அழிந்துபோயின. அவற்றைத் திரும்பக் கொண்டுவர அரசு நடத்தும் திட்டத்துக்குப் பெயரே '1616க்குத் திரும்புதல்'. 2016க்குள் கடைசிச் செம்மறியாட்டை அகற்றினார்கள், அடுத்த ஆண்டு வெள்ளாடு தீர்ந்தது, 2018இல் பூனையும் இல்லை என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய 630 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தீவில் காட்டுப் பூனையை முழுமையாக ஒழித்தது உலகில் அதுவரை யாரும் செய்யாத வேலை. பிறகு முயல் அளவேயான இருவகைச் சிறு வாலபிகளையும், பண்டிகூட்டையும், டிப்ளரையும், குச்சிக்கூடு கட்டும் எலியையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து விட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் கொட்டகையையும் தொட்டியையும் வைத்துக்கொண்டிருப்பது முரண் இல்லையா என்கிறார்கள். இல்லை என்பேன். எந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்ததோ அதைச் சுற்றித்தான் மண் மிகவும் மிதிபட்டது; தொட்டியிலிருந்து விலக விலகச் செடி எப்படி மாறுகிறது என்பதை வைத்தே மேய்ச்சல் எவ்வளவு அழுத்தியது என்று தாவரவியலாளர் அளக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் வித்தியாசம் ஒரு நூற்றாண்டுச் சோதனையின் முடிவு. அந்தத் தொட்டியையும் வேலிக்காலையும் பிடுங்கிப் போட்டால், நிலம் எதிலிருந்து மீண்டது என்பதற்கான அளவுகோலைத் தூக்கி எறிகிறோம். முன்னே போகவும் அந்த அடையாளங்கள் வேண்டும். அதே சமயம் இதில் நான் விட்டுக்கொடுப்பதும் உண்டு. முள்கம்பியில் வாலபியும் பறவையும் சிக்குமானால் கம்பி போக வேண்டும். மூலைக் கம்பங்கள் நின்றால் எல்லை தெரியும். திறந்து ஓடும் கிணறு வெள்ளாட்டையும் நரியையும் வாழவைக்குமானால் அதை மூட வேண்டும். தொட்டி மட்டும் காய்ந்து நிற்கட்டும்.

மூன்றாவதாக இன்னும் கூர்மையான கேள்வி: இது யாருடைய மரபு? இந்த விரிகுடா மல்கானா மக்களின் நாடு. 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களின் பூர்வ உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. பண்ணைகள் பூர்வகுடியினரின் உழைப்பில்தான் நடந்தன. ஆடு ஓட்டியது, கிணறு வெட்டியது, வேலி போட்டது, வீட்டில் துவைத்தது, சமைத்தது எல்லாம் அவர்கள். பெரும்பாலும் மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை என்று பங்கீடாகத்தான் கூலி கிடைத்தது. மேய்ச்சல் தொழிலில் அவர்களுக்கும் சமக் கூலி 1968 இறுதியில் நடைமுறைக்கு வந்தபோது, பல பண்ணைகள் கூலி கொடுப்பதற்குப் பதிலாக அவர்களை வெளியேற்றின. இதைக் கேட்டுவிட்டுப் பண்ணையை ஒட்டுமொத்தமாக இடித்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றுகிறது. நான் சொல்வது, வீட்டை மட்டும் காப்பாற்றுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அவர்கள் சுவடு வீட்டு முன்கூடத்தில் இல்லை. பங்கீடு அளந்த கிடங்கில், விறகுக் குவியலின் ஓரத்தில், பட்டியில், கிணற்றுச் சுவரில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு அப்பால் மணல்மேட்டின் பின்னால் இருந்த குடிசைத் திடலில் இருக்கிறது. அந்தத் திடலில் பார்ப்பதற்கு உடைந்த பாட்டில், நெளிந்த தகரம், வளைத்த கம்பி தவிர எதுவுமில்லை என்று நினைத்துச் 'சுத்தம்' செய்துவிடுகிறார்கள். பாட்டில் கண்ணாடியைக் கருவியாகச் சீவி எடுத்த துண்டு அந்தக் குப்பையில் கிடக்கும். ரோமம் போன வழியை ஒழுங்காகப் பின்தொடர்கிறவர் அந்தத் திடலைக் கடக்காமல் போக முடியாது. அங்கே எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்லும் உரிமை மல்கானா மக்களுக்கே. எங்களைப் போன்றவர்கள் அளந்து கொடுக்கலாம், அவ்வளவுதான்.

என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சில இடங்களில் வீடே கடல்வழியாக வந்த பொருள். அர்ஜென்டினாவின் தென்கோடியில், பீகிள் கால்வாய்க் கரையில் உள்ள ஹார்பர்டன் பண்ணை அப்படி. மதபோதகராக இருந்த தாமஸ் பிரிட்ஜஸ் 1886இல் அங்கே பண்ணை தொடங்கியபோது, அவர் மனைவியின் ஊரான இங்கிலாந்தின் டெவனில் செய்த வீட்டைத் துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்து பொருத்தினார்கள். அங்கே வீடு, கொட்டகை, படகுத்துறை மூன்றும் ஒரே கதை. 1999இல் அந்தப் பண்ணையைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது சரியானதே. ஆனால் கவனித்தால் அங்கும் வீட்டுக்கு மதிப்பு வந்தது அது வந்த வழியால்தான், கரையோடும் கப்பலோடும் அதற்கிருந்த தொடர்பால்தான்.

ஷார்க் விரிகுடாவில் இந்த முறைக்கு உள்ள உண்மையான தடை பணமோ கருத்தோ அல்ல, எல்லைக்கோடுதான். ஹாமலினில் பண்ணை ஓர் இயற்கைக் காப்பு அமைப்பின் கையில், கொட்டகையும் குடியிருப்பும் அதற்குள். பொதி இறங்கிய கடற்கரையும் வண்டித் தடம் பதிந்த திட்டுகளும் மாநில அரசின் கடல் காப்பகத்தில். 2021 ஏப்ரலில் செரோஜா புயல் அங்கிருந்த மர நடைபாதையைச் சிதைத்தபோது, அதைச் சரிசெய்யும் பேச்சு முழுக்க நுண்ணுயிர்த் திட்டுகளைப் பற்றித்தான், அது இயல்பே. ஆனால் அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விட வேண்டும், நின்று பார்ப்பவர் கண்ணில் வண்டித் தடம் எப்படிப் பட வேண்டும் என்பதைப் பண்ணைப் பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கொட்டகையில் பொதி அழுத்தத் தெரிந்தவர்கள், தண்டுக்கு எண்ணெய் விடத் தெரிந்தவர்கள், எந்தத் தொட்டி எந்தக் கோடையில் வற்றியது என்று நினைவுள்ள மல்கானா முதியோர் இன்னும் இருக்கும்போதே, கிணற்றிலிருந்து கடல்வரை ஒரே வரைபடமாக அந்த வழியை அவர்களோடு நடந்து பதிவு செய்ய வேண்டும். அந்த வரைபடம் கையில் இருந்தால், எந்தக் கூரையை முதலில் மாற்றுவது என்ற கேள்விக்கு இரு தரப்பும் ஒரே காகிதத்தைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.